கைகளின் மேல் உட்கார்ந்திருந்தவள்

1

ஜெர்மனியில் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காப்பகத்தில் இடம் பிடிப்பது, நம் போடியில் வைகாசி முகூர்த்தத்துக்குக் கல்யாண மண்டபம் பிடிப்பதைவிடக் கஷ்டம். மண்டபத்துக்காவது மாமன் மச்சான் என்று யாரையாவது அனுப்பிப் பேச வைக்கலாம். இங்கே அனுப்ப ஆளில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பெயரைப் பதிந்து வைக்க வேண்டுமாம். அது தெரியாமல் கயல் பிறந்து, தவழ்ந்து, நடந்து, வாய் நிறையப் பல் முளைத்த பிறகு நான் நகராட்சி அலுவலகத்தில் போய் நின்றேன். பஸ் போன பிறகு மூட்டையோடு ஓடிவருகிறவளை டைம் கீப்பர் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார் அங்கிருந்த அம்மாள்.

பிறகு காகிதங்கள் ஆரம்பித்தன. எங்கள் கல்யாணப் பதிவு, அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவரின் முத்திரை, தட்டம்மை ஊசி போட்டதற்கு அத்தாட்சி, பிள்ளை நலமாக இருக்கிறாள் என்று டாக்டரின் கடிதம். எனக்கு வேலை தருவதாகச் சொன்னவர்கள் காப்பகத்தில் இடம் கிடைத்த கடிதத்தைக் கேட்டார்கள். காப்பகங்களோ வேலை கிடைத்த கடிதத்தைக் கேட்டன. இரண்டு கடிதங்களும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு மூன்று மாதம் நின்றன. என் வீட்டுக்காரர் குமரனுக்கு வேறு நகரத்தில் வேலை. திங்கள் விடிந்ததும் ரயிலேறினால் வியாழக்கிழமைதான் திரும்பி வருவார். நடுவில் இருக்கும் நாட்களில் வீட்டில் நானும் கயலும் அந்தக் காகிதங்களும்தான்.

நான்கு காப்பகங்களைப் போய்ப் பார்க்க அனுமதி கிடைத்தது. நான் ஒரு நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு இடத்துக்கும் பத்துக்கு மதிப்பெண். கக்கூஸ், தரை, கை துடைக்கும் துண்டு, பொம்மைகள், வேலை செய்கிறவர்களின் நகம். சமையல் அறைக்குள் விடமாட்டார்கள் என்பதால் அதற்கு வாசலில் நின்று முகர்ந்து மதிப்பெண். நான் படித்தது நுண்ணுயிரியல். வேலை கிடைத்திருந்தது பால் பரிசோதனைக் கூடத்தில். அதனால் என் அலட்டலுக்கு அறிவியல் சட்டை மாட்டிவிடுவது சுலபமாக இருந்தது. கிருமி எங்கே தங்கும், எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு பெருகும் என்று எனக்குத் தெரியும் பாருங்கள்.

முதல் இடத்தில் பிள்ளைகள் சன்னல் கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நக்க, அடுத்தவன் அதே இடத்தில் நக்க, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மதிப்பெண். இரண்டாவது இடத்தில் எல்லாப் பிள்ளைகளின் பல் துலக்கும் பிரஷ்களும் ஒரே பலகையில் தலையோடு தலை இடித்துக்கொண்டு நின்றன. இரண்டரை. மூன்றாவது இடத்தில், தரையைத் தினமும் துடைக்கிறீர்களா என்று கேட்க முந்தின வாரமே ஜெர்மனில் ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஜெர்மனில் கேள்விக்கும் உத்தரவுக்கும் வார்த்தைகள் ஒன்றேதான், குரல்தான் வேறு. என் குரல் எங்கே ஏறி எங்கே இறங்கியதோ, தரையைத் தினமும் துடையுங்கள் என்று நான் உத்தரவு போட்டதாக அந்தத் தலைமை அம்மாள் எடுத்துக்கொண்டார். இப்போதேவா என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அங்கிருந்து எனக்குக் கடிதம் வரவில்லை.

நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு ஒரே ஒரு சமாதானம் உண்டு. போடியில் ஒரு பள்ளிக்கூடம் எப்படி என்று தெரிய வேண்டுமானால் பால் வாங்கப் போகிற வழியில் ஐந்து பேரைக் கேட்டால் போதும். அந்த டீச்சர் அடிப்பாளா, பிள்ளை அழுதால் தூக்குவாளா, ஆயாவுக்கு வீட்டில் என்ன பிரச்சினை, எல்லாம் வந்துவிடும். இங்கே மேல் வீட்டுக்காரர் பெயர்கூட எனக்கு அழைப்பு மணிப் பலகையில் பார்த்துத்தான் தெரியும். என் பிள்ளை அழுதால் அங்கே யாராவது தூக்குவார்களா என்பதை எப்படிச் சோதிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கக்கூஸைச் சோதிக்கத் தெரியும். அதனால் அதைச் சோதித்தேன்.

நான்காவது இடத்துக்கு நான் போட்டது நாலரை. அங்கிருந்துதான் கடிதம் வந்தது. பத்து நாளைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடைசி வரியில் தடித்த எழுத்தில் இருந்தது. ஒன்பதாவது நாள் கையெழுத்துப் போட்டேன்.

2

என் அம்மாவின் சுத்தம் எங்கள் தெருவில் பிரசித்தம். வாசல் படியை இரண்டு வேளை கழுவுவார். கடையிலிருந்து வரும் காசைக்கூடத் தண்ணீரில் முக்கி எடுப்பார் என்று என் சித்தப்பா கேலி செய்வார். அப்பாவுக்குப் போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. வாரத்தில் நான்கு நாள் மலையில் இருப்பார். அங்கிருந்து ஜீப்பில் இறங்கி வந்தால் முன்வாசல் வழியாக வரக் கூடாது. சந்து வழியாகப் பின்னால் போய், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று, காலில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பிடுங்கிப் போட்டு, குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டுதான் உள்ளே வர முடியும். அப்பா முனகாமல் செய்வார். எனக்கு அதெல்லாம் ஒரு பெருமையாகவே இருந்தது.

தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் விடியலில் எங்கள் தெருமுனையில்தான் ஜீப்பு ஏறுவார்கள். சாயங்காலம் அங்கேயே இறங்குவார்கள். சிலர் தண்ணீர் கேட்டு வருவார்கள். அம்மா மறுக்கவே மாட்டார். செம்பை உயரத் தூக்கி ஊற்றுவார், அவர்கள் குனிந்து இரண்டு கையையும் குவித்துக் குடிப்பார்கள். செம்பில் வாய் வைக்காமல் குடிப்பது எவ்வளவு சுத்தம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஒரு விடுமுறைக்கு அப்பா என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஏலச்செடியின் தூரில் உட்கார்ந்து பெண்கள் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மரக்கிளையில் சேலைத் தூளி கட்டி அதில் ஒரு கைக்குழந்தை. அது அழுததும் தாய்க்காரி எழுந்து வந்தாள். கை முழுக்கக் கறையும் மண்ணும். ஓடையில் மூன்று முறை தேய்த்துக் கழுவி, முந்தானையில் துடைத்து, விரலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைத் தொட்டாள். வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் ஆச்சரியமாகச் சொன்னேன். அம்மா வேறு வேலையாக இருந்தார்.

அதற்கெல்லாம் முன்பு, எனக்கு நான்கு வயதில், தெருக்கோடியில் இருந்த பால்வாடிக்கு ஒரே ஒரு நாள் போனேன். அங்கே ஆயாவாக இருந்தவர் பேச்சியம்மா. மதியம் சத்துமாவு உருண்டை பிடித்து ஒவ்வொரு பிள்ளை கையிலும் வைத்தார். கடைசியாக இருந்த எனக்கும் இன்னொரு பிள்ளைக்கும் ஒரே உருண்டைதான் மிச்சம். அதை இரண்டாகப் பிட்டுக் கொடுத்தார். வெல்லம் தூக்கலாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னேன். அம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்த் துவைக்கிற கல்லில் நிறுத்தித் தலையோடு தண்ணீர் ஊற்றினார். அங்கே சுத்தம் பத்தாது, இனிமேல் போக வேண்டாம் என்றார்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறவரை ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தேன். அப்பா மலையில், அம்மா அடுப்படியில். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் பால்வாடிப் பிள்ளைகள் கத்துவது கேட்கும். எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். அவர்கள் அழுக்கானவர்கள், நான் சுத்தமானவள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது அலுத்துப்போனால் சன்னலுக்கு வெளியே போகிற மாட்டிடம் பேசுவேன்.

3

கயலின் காப்பகத்தில் முதல் மூன்று வாரம் பழக்கும் காலம். தாயும் கூடவே போய் ஓர் ஓரத்தில் உட்கார வேண்டும். முதலில் ஒரு மணி நேரம், பிறகு தாய் கால் மணி வெளியே போய் வர வேண்டும், அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். நல்ல முறைதான். ஆனால் என்னைப் போன்றவளை மூன்று வாரம் ஓரத்தில் உட்கார வைத்தால் அவள் என்ன செய்வாள்? பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அந்த அறையில் பன்னிரண்டு பிள்ளைகள், பார்த்துக்கொள்ள இரண்டு பேர். ஒருத்தி ஆன்யா, இந்த ஊர்ப் பெண், சின்ன வயசு. இன்னொருவர் செலாம். ஆப்பிரிக்காவில் எரித்ரியா நாட்டிலிருந்து வந்து இங்கே பல வருஷம் ஆன அம்மாள், ஐம்பதை ஒட்டிய வயது, குரல் உயராது. பத்து மணிக்கு எல்லோரும் பெரிய மேசையைச் சுற்றி உட்காருவார்கள். செலாம் ஆப்பிளும் பேரிக்காயும் நறுக்கி ஒரே கிண்ணத்தில் போட்டு வைப்பார். கிண்ணம் கைக்குக் கை சுற்றும். எமில் என்று ஒரு பையன், மூக்கு ஒழுகாத நாளே கிடையாது, கிண்ணத்துக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுப்பான், பிடிக்காவிட்டால் திரும்பப் போட்டுவிட்டு வேறு எடுப்பான். பிறகு எல்லோரும் மழையில் போய்ச் சேற்றில் புரளுவார்கள். அதற்கென்றே ரப்பர் கால்சட்டை வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள். சேற்றில் புரளுவதற்குக் காசு கொடுத்து உடுப்பு வாங்கினேன் என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் ஒன்றும் சண்டை போடவில்லை. சண்டை போடுகிற அளவுக்கு ஜெர்மன் தெரியாது. வீட்டில் என் வழியைப் பார்த்துக்கொண்டேன். சாயங்காலம் கதவைத் திறந்ததும் கயலை அங்கேயே நிறுத்தி உடுப்பைக் கழற்றி நேரே குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போவேன். குளித்த பிறகுதான் சோபா, பொம்மை, முத்தம் எல்லாம். குளிர்காலத்தில் இதென்ன கூத்து என்று குமரன் போனில் கடிந்துகொண்டார். நான்கு நாள் பிள்ளையைப் பார்க்காதவர் சொல்வதற்கு என்ன மரியாதை என்று விட்டுவிட்டேன்.

காலையில் ஷூ மாட்டும்போது அவள் காதில் சொல்லி அனுப்புவேன். "அங்க எதையும் வாயில வைக்காதத்தா. எல்லாம் அழுக்கு. அம்மா வந்து தர்றேன்." தினமும் சொன்னேன். அவள் தினமும் தலையாட்டினாள்.

வேலைக்குப் போக ஆரம்பித்தேன். பரிசோதனைக் கூடத்தில் கையுறை, தலையுறை, முகத்துணி எல்லாம் போட்டுக்கொண்டு ஆளுக்கு ஒரு மேசையில் நிற்போம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் வேகமாகப் பேசிச் சிரிப்பார்கள். எனக்குப் பாதி புரிவதற்குள் அடுத்த பேச்சு வந்துவிடும். சில நாள் காலை வணக்கமும் மாலை வணக்கமும் தவிர நான் வாய் திறந்ததில்லை. வீட்டுக்கு வந்தால் கயல் அங்கே கேட்ட ஜெர்மன் வார்த்தைகளைப் பொம்மையிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். ஆன்யாவின் இழுவையோடு பேசுவாள். என்னிடம் தமிழில் பேசுவது சுருங்கிக்கொண்டே வந்தது. பசி, தூக்கம், வேணாம், அழுக்கு. அவள் என்னை விட்டு நகர்ந்து போகிறாள் என்று பயமாக இருந்தது. அதனாலேயே இன்னும் இறுக்கிக் குளிப்பாட்டினேன்.

4

ஆறாவது வாரம் காப்பகத்தில் பேசக் கூப்பிட்டார்கள். கயல் எதுவுமே சாப்பிடுவதில்லை என்றாள் ஆன்யா. பழம் இல்லை, ரொட்டி இல்லை, சூப் இல்லை. தண்ணீர்கூட அவளுடைய சொந்தப் புட்டியில்தான். மத விஷயமா என்று தயங்கிக் கேட்டாள். எந்த மாமிசம் ஆகாது என்று கட்டம் போட்ட ஒரு படிவத்தை எடுத்து வைத்தாள். நான் எல்லாக் கட்டத்தையும் பார்த்தேன். எனக்கு வேண்டிய கட்டம் அதில் இல்லை.

அதுவரை பேசாமல் இருந்த செலாம் ஒன்று சொன்னார். "மேசைக்கு வந்ததும் அவள் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறாள். எழுந்திருக்கும்வரை எடுப்பதில்லை."

அவளுக்கு ஆறிய சாப்பாடு பழக்கமில்லை என்று நான் பொய் சொன்னேன். சூடாகச் சாப்பிட்டே வளர்ந்த பிள்ளை என்றேன். பொய் சொல்லும்போது மட்டும் என் ஜெர்மன் தடுமாறவில்லை.

வீட்டிலிருந்து டப்பா கொடுத்துவிட அனுமதித்தார்கள். ஒரு நிபந்தனை. மற்றப் பிள்ளைகள் அதில் கை வைத்து யாருக்காவது ஒவ்வாமை வந்துவிடக் கூடாது என்பதால் கயல் சன்னலோரம் இருக்கும் சின்ன மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். தனி மேசை, தனி டப்பா, தனி ஸ்பூன். நான் நினைத்ததைவிட நன்றாக முடிந்தது என்று அன்று வீடு திரும்பும் வழியில் எனக்கு நானே ஒரு காபி வாங்கிக் குடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் பரிசோதனைக் கூடத்தில் மின்சாரம் போய் எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். காப்பகத்துக்குத் தோட்டத்து வழியாகப் போனேன். சன்னல் வழியாக அறை தெரிந்தது. பெரிய மேசையில் ஒரே இரைச்சல். எமில் சூப் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளப் பார்க்க, மற்றவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். சன்னலோரம் கயல். அவளுக்கு முன்னால் நான் விடியற்காலையில் எழுந்து செய்த இட்லி டப்பா. மூடியே திறக்கவில்லை. கைகளின் மேல் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெரிய மேசையைப் பார்த்தபடி இருந்தாள். அவளுடைய சின்ன மேசையும் அங்கேதான் இருக்கிறது, அங்கே இருக்கிற எல்லாமே அழுக்கு. அம்மா கொடுத்ததாக இருந்தாலும் அங்கே வைத்துத் திறந்தால் அழுக்காகிவிடும். நான் சொன்னதை என்னைவிட ஒழுங்காக அவள் கடைப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். தட்டிக் கூப்பிடக் கை வரவில்லை. மனசு விட்டுப்போய் அழுகை வந்துவிட்டது.

5

அந்தச் சனிக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டேன். அப்பா போன பிறகு அம்மா அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. இன்னும் வாசல் படியை இரண்டு வேளை கழுவுகிறார், மிதிக்கத்தான் ஆளில்லை. தினமும் பேசுவோம். பேசுவதெல்லாம் ஒன்றேதான், சாப்பிட்டாயா, மழை உண்டா, குமரன் வந்தாரா. அன்று நான் பால்வாடியைப் பற்றிக் கேட்டேன். அந்த இடம் உண்மையிலேயே அவ்வளவு அழுக்காகவா இருந்தது?

அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஏத்தா, அது அழுக்கு எடம்னு யாரு சொன்னா? பேச்சியம்மா வெளக்கி வச்ச சட்டியில மொகம் பாக்கலாம். நம்ம அடுப்படிகூட அம்புட்டுச் சுத்தமா இருந்ததில்ல."

"நீதானம்மா சொன்ன. சுத்தம் பத்தாதுன்னு."

அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அவ எந்தத் தெருன்னு ஒனக்குத் தெரியாதா? அவ கையால பிடிச்சத நீ தின்னுட்டு வந்து நிக்கிற. ஒங்க அப்பா வீட்டுச் சனம் கேட்டா என்ன பேசும்? நாலு வயசுப் பிள்ளைகிட்ட அதவா சொல்ல முடியும்? சுத்தமில்லன்னுதான் சொல்லணும். வேற என்னத்தச் சொல்லுவாக?"

நான் ஏன் மறுநாள் வரவில்லை என்று பேச்சியம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாமல் இருக்குமா என்றார் அம்மா. மறுநாள் சாயங்காலம் அவர் எங்கள் வாசல்வரை வந்தாராம். படி ஏறாமல் தெருவில் நின்றபடி, பிள்ளைக்குக் காய்ச்சலா என்று கேட்டாராம். முந்தானையில் இரண்டு உருண்டை முடிந்து கொண்டுவந்திருந்தாராம். ஆமாம், காய்ச்சல்தான் என்று அம்மா சொல்லி அனுப்பிவிட்டார். அவர் அந்த உருண்டைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். உள்ளே சன்னலோரம் நான் காய்ச்சல் இல்லாமல் நின்றுகொண்டிருந்திருப்பேன்.

"இப்ப எதுக்கு அதப் போய்க் கெளறிக்கிட்டு இருக்க? எனக்குச் சோலி கெடக்கு," என்றார் அம்மா. குரல் இறங்கிப்போயிருந்தது. பிறகு வழக்கம்போலக் கேட்டார், "கயலு சாப்ட்டாளா?"

போனை வைத்த பிறகு நான் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நாலாவது காப்பகத்துக்கான பக்கத்தில், வேலை செய்கிறவர்களின் நகம் என்ற இடத்தில், செலாமைப் பற்றி ஐந்து வரி எழுதியிருந்தேன். மோதிரம் போட்டிருக்கிறார், மோதிரத்துக்கு அடியில் கழுவுவாரா, உள்ளங்கைக் கோடுகளில் கறுப்பாக இருக்கிறது. ஆன்யாவுக்கு அன்று சளி. தும்மித் தும்மிப் பிள்ளைகளின் துண்டை மடித்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. செலாமின் உள்ளங்கைக் கோடுகள் எந்த நிறமோ அதே நிறம்தான் என் உள்ளங்கைக் கோடுகளும். நுண்ணுயிரியல் படித்தவள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது.

6

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கயலோடு காப்பகத்துக்குப் போனேன். அன்று காலையில் ஷூ மாட்டும்போது எதுவும் சொல்லவில்லை. நான் சொல்லாவிட்டாலும் அவள் பழக்கத்தில் தலையாட்டினாள்.

செலாமிடம் உண்மையைச் சொன்னேன். நான்தான் சாப்பிடக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன் என்றேன். அந்த வாக்கியத்தை வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன், இருந்தும் நடுவில் இரண்டு முறை நின்றுபோனது. அவர் ஆப்பிளை நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டார்.

"தெரியும்," என்றார். "பழக்கிய மூன்று வாரமும் நீங்கள் உங்கள் பிள்ளையைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். கயலைப் பெரிய மேசைக்குக் கூட்டிவந்து, அவளுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டார். முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்தேன்.

கிண்ணம் சுற்ற ஆரம்பித்தது. எமில் வழக்கம்போல உள்ளே கை விட்டுக் கிளறி, ஒரு துண்டை எடுத்து, பார்த்து, திரும்பப் போட்டான். வேறொன்றை எடுத்துக்கொண்டு கிண்ணத்தைக் கயலிடம் தள்ளினான். கயல் கைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். நல்ல பிள்ளை என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்கிற முகம் அது.

எமில் திரும்பப் போட்ட அந்தத் துண்டையே எடுத்தேன். அதில் ஒரு பக்கம் பளபளப்பாக ஈரம் இருந்தது. அது என்ன ஈரம் என்று எனக்குத் தெரியும், அதில் என்னென்ன இருக்கும் என்று பட்டியலே போட முடியும். வாயில் போட்டுக் கடித்தேன். நாக்கு அதைக் கன்னத்தோரம் ஒதுக்கிவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்த நொடியில்கூட என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை.

கயல் வீறிட்டாள். தொடைக்கு அடியிலிருந்து இரண்டு கையையும் உருவி, என் மடிமேல் ஏறி, என் தாடையைப் பிடித்து இழுத்து, வாய்க்குள் விரலை விட்டாள். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் அந்தச் சின்ன விரல்கள் துழாவின. மண்ணைத் தின்ற பிள்ளையின் வாயிலிருந்து தாய் தோண்டி எடுப்பாளே, அதேபோல.

"துப்புமா, துப்பு. அழுக்குமா. துப்பு."

எமில் வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். கயலின் முகம் முழுக்கக் கண்ணீரும் மூக்குநீரும். இத்தனை நாளும் அவள் சொன்னபேச்சுக் கேட்கிற சமத்துப் பிள்ளை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் பயந்துபோய் இருந்திருக்கிறாள். தினமும் காலையில் நான் அவளை ஓர் ஆபத்தான இடத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன், அவள் தினமும் சாயங்காலம்வரை கைகளை அடக்கி வைத்துக்கொண்டு தப்பித்து வந்திருக்கிறாள்.

அவள் விரலைக் கடித்துவிடாமல் நான் அந்தத் துண்டை விழுங்கினேன். வாயைத் திறந்து காட்டினேன். அவள் உள்ளே பார்த்தாள். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அழுகை நின்றுவிட்டது. என் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

ஆன்யா கிண்ணத்தை எடுத்துவிட வந்தாள். செலாம் வேண்டாம் என்று தலையசைத்தார். நான் இன்னொரு துண்டை எடுத்தேன். கயல் தடுக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் தின்று முடித்து மழையில் விளையாடப் போய்விட்டார்கள். அவள் போகவில்லை. என் மடியிலேயே உட்கார்ந்து, மத்தியானம்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு ஏதாவது ஆகிறதா என்று.